இருபத்திரண்டு பேரும் ஒரு பெரட்டும்

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது பயணிகளின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்களாம். பேருந்து கிளம்பும்போது யார் ஏறவில்லை என்று போனே சொல்லிவிடுமாம். அந்தச் சந்தோஷத்தில் இளைய சகாக்கள் நான்கு பேர் ஒரு பெட்டி கேக்கோடு ஸ்கூடாயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, அமெரிக்கா ட்ரிப்புக்கு கையேடு போடறோம். உங்க அனுபவத்த ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க லா" என்றார்கள். முப்பது வருடம் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியே சம்பாதித்தவளுக்கு ஒரு பக்கம் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கேக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்தைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை.

நான் டூர் லீடராக இருந்தவள். ஜொகூர் பாருவில் ஒரு சின்னப் பயண நிறுவனத்தில் டிக்கெட் எழுதும் பெண்ணாகத்தான் சேர்ந்தேன். ஒருநாள் கூட்டத்தோடு போகவேண்டிய வழிகாட்டி அண்ணனுக்கு அம்மை போட்டுவிட்டது. "நீதான் வாயாடியாச்சே, நீ போ" என்று முதலாளி என்னை அனுப்பினார். வாயாடித்தனத்துக்கும் சம்பளம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு உரிமத்துக்குப் படித்தேன், பரீட்சை எழுதினேன், ஒருமுறை தவறினேன், மறுமுறை தேறினேன். அதையெல்லாம் விரித்துச் சொல்லி உங்களைக் கொட்டாவி விடவைக்க மாட்டேன்.

ஆனால் முதலாளியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ரஹீம் நானா என்று கூப்பிடுவோம். அவருடைய அத்தா ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடை வைத்தவர். நானாவுக்குக் கடை பிடிக்கவில்லை, ஊர் சுற்றத்தான் பிடித்தது. அவர் கோபப்பட்டால் குரல் ஏறாது, இறங்கும். அலுவலகத்து மின்விசிறியின் சத்தத்துக்கு மேல் அவர் குரல் கேட்டால் பிழைத்தோம். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டு, அவர் உதடு அசைந்துகொண்டிருந்தால் தொலைந்தோம். ஒருவரையும் அவர் மரியாதைக் குறைவாகத் திட்டி நான் கேட்டதில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருக்கும். நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அவர் எனக்குக் கற்பித்தது ஒரே ஒரு வித்தை, தலை எண்ணுவது. சிங்கப்பூருக்கு ஒருநாள் பயணம் போகிறவர்களோடு என்னை ஏற்றிவிடுவார். நாற்பத்து நான்கு பேர். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடிநுழைவுச் சோதனையில் எல்லாரும் இறங்கி ஏறவேண்டும், அந்தப் பக்கம் மறுபடி இறங்கி ஏறவேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும். நானாவும் சாதாரணப் பயணி மாதிரி கூடவே வருவார். நான் பார்க்காத நேரத்தில் யாராவது ஒரு மாமாவைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, கையில் கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கொடுத்து, "கொஞ்சம் இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிடுவார். நாற்பத்து மூன்று வந்ததும் நான் அலறிக்கொண்டு ஓடுவேன். மாமா தூணுக்குப் பின்னால் சாவகாசமாகக் கடலை கொறித்துக்கொண்டிருப்பார்.

எண்ணும் முறையையும் அவரே வகுத்தார். பேருந்தின் பின்வரிசையிலிருந்து முன்னால் வரவேண்டும். ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் கையால் தொட வேண்டும். பிறகு முன்னாலிருந்து பின்னால் போகவேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் ஓட்டுநருக்குக் கட்டைவிரல் காட்டலாம். "பக்கத்துல இருந்தவங்க வந்துட்டாங்களா?" என்று யாரிடமும் கேட்கக்கூடாது. நம் ஆட்கள் உபசாரத்துக்காவது ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். எந்த இடத்தில் இறங்கினாலும் முதலில் கழிப்பறையைக் காட்ட வேண்டும். "வரலாறு எங்கயும் ஓடிப்போகாது புள்ள, முதல்ல அதைக் காட்டு" என்பார் நானா. ஆளை விட்டுவிட்டு வந்தால் மன்னிப்புக் கிடையாது. அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம் அது.

இந்தியாக் கோயில், பாலி, ஐரோப்பா எல்லாம் பார்த்து முடித்த எங்கள் வாடிக்கையாளர்கள் அமெரிக்கா கேட்க ஆரம்பித்தார்கள். மற்ற நிறுவனங்கள் நயாகராவையும் கேளிக்கைப் பூங்காவையும் காட்டின. நான் பிடிவாதமாக வரலாற்று இடங்களைச் சேர்த்தேன். உயரக் கட்டடம் நம்மிடமும் இருக்கிறது. அதைப் பார்க்க எதற்கு முழுசாக ஒரு நாளை ஆகாயத்தில் கழிக்க வேண்டும்? ஒரு நாடு எப்படிச் சண்டை போட்டு நாடானது, யார் முதுகில் ஏறி நிமிர்ந்தது என்று பார்த்தால் நமக்கும் ஏதாவது உறைக்கும் என்பது என் கட்சி. என் கூட்டத்தில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள் அல்லது அப்படிப் பிறந்தவர்களின் பிள்ளைகள். என் அப்பாவும் தோட்டத்து லாரி ஓட்டியவர்தான். ஆகவே புத்தகத்தில் இருப்பதைத் தோட்டத்துப் பேச்சுக்கு மாற்றிச் சொல்வேன். அவர்களுக்குப் பட்டென்று பிடிபடும். சிலசமயம் எனக்குப் பிடிபடாததும் அவர்களுக்குப் பிடிபடும்.

பாஸ்டன் துறைமுகத்தில், வரி பிடிக்காமல் கப்பலிலிருந்த தேயிலையை மக்கள் கடலில் கொட்டிய கதையை ஒருமுறை ஆவேசமாகச் சொல்லி முடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் மோகனா அக்கா மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அத்தனையும் எவ கிள்ளுனாளோ, பாவம்" என்றார். எத்தனையோ முறை அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். கிள்ளியவளைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்த பயணத்திலிருந்து அந்த வரியை என் சொந்தச் சரக்கு மாதிரியே சேர்த்துக்கொண்டேன்.

நான் சொல்லப்போகும் சம்பவமும் மோகனா அக்கா வந்த அந்தப் பயணத்தில்தான் நடந்தது. மொத்தம் இருபத்திரண்டு பேர். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தில் இறங்கி, நான் டிக்கெட் கவரைத் தேடிக் குனிந்து நிமிர்வதற்குள் படிக்கட்டின் கீழே இருபது ஜோடிக்கு மேல் செருப்பும் சப்பாத்தும் வரிசையாகக் கிடந்தன. பெரிய தூண்கள், உள்ளே உயரத்தில் உட்கார்ந்திருக்கும் மூர்த்தி, ஏறிப்போகப் படிக்கட்டு. நம் ஆட்கள் வேறு என்ன செய்வார்கள்? வெயிலில் சுட்ட கல்லில் துள்ளித் துள்ளி ஏறிக்கொண்டிருந்தார்கள். காவலர் ஒருவர் என்னிடம் வந்து, இது போராட்டமா என்று கேட்டார். இல்லை, மரியாதை என்றேன். உள்ளே லிங்கன் தலைக்கு மேலே இந்த இடத்தைக் கோயில் என்றே செதுக்கி வைத்திருப்பதைக் காட்டினேன். அவர் அண்ணாந்து படித்துவிட்டுக் கீழே போய், செருப்புகளை யாரும் மிதிக்காதபடி காவலுக்கு நின்றார்.

அந்தக் கூட்டத்தில் தனியாக வந்தவர் ஒருவர்தான், மாசாயிலிருந்து வீரையா. எழுபத்தாறு வயது, சர்க்கரை ஏறும் இனிப்பு நீர்க்காரர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்காகப் பணம் கட்டிய பயணம். ஏழாவது வரிசையில் சன்னல் ஓரம் உட்காருவார். இரண்டு நாள் என் தலை எண்ணும் வித்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாஷிங்டனுக்கு வரும் முன்பே, மூன்றாம் நாள் பிலடெல்பியாவில் காலைச் சாப்பாட்டு மேசையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடு மாட்டத்தான்மா தலைய எண்ணுவாங்க. மனுசன பேரு சொல்லிக் கூப்பிடணும்."

"இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டா நேரம் ஆயிடும்யா. எங்க முதலாளி முறை இதுதான்."

"நான் நூத்தம்பது பேரைக் கூப்பிட்டவன். விடியறதுக்குள்ள."

அப்போதுதான் தெரிந்தது, அவர் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரட்டில் பெயர் கூப்பிடுபவராக இருந்தவர் என்று. பெரட்டு என்றால் என்னவென்று இளைய சகாக்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன் தொழிலாளர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் பெயர் கூப்பிடுவார். பதில் குரல் வந்தால் அன்றைக்கு வேலை, வராவிட்டால் இல்லை. நேரம் தவறியவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பதும் உண்டு. கூப்பிடுகிறவருக்கு யார் குரல் யாருடையது என்று தெரியும். தெரிந்தாலும் தெரியாத மாதிரி விட்டுவிடுவதுதான் தோட்டத்து தர்மம்.

"ஒரே ஒரு நாளு நான் விடலம்மா" என்றார் வீரையா. "மாரியாயின்னு கூப்பிட்டேன். அவ தங்கச்சி காமாட்சி குரல் கொடுத்தா. அன்னிக்குன்னு பார்த்து தொர என் பக்கத்துல நின்னுகிட்டு இருந்தாரு. எனக்கு வயசு இருபத்தி நாலு. பயம். 'இது மாரியாயி இல்லீங்க'ன்னு சொல்லிட்டேன்."

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ரெண்டு பேரையும் அப்பவே பேர வெட்டிட்டாங்க. அதுக்குள்ள மாரியாயி ஓடி வர்றா, இடுப்புல தண்ணிக் கொடத்தோட. கொழாயடியில வரிசையாம். அவ்வளவுதான் லேட்டு. அந்த வாரமே ரெண்டு குடும்பமும் லயத்து வீட்ட காலி பண்ணிட்டுப் போயிருச்சு. எங்க போனாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியாது. தேடிப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்த சொல்லாம நான் வாய மூடிட்டு இருந்திருந்தா..." என்று நிறுத்திவிட்டுக் காப்பியைக் குடித்தார். ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு மனிதர் இதைச் சுமந்துகொண்டு அலைகிறார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். வழக்கம்போலத் தலையைத்தான் எண்ணினேன்.

வாஷிங்டனிலிருந்து தெற்கே ஒரு முழுநாள் ஓட்டம். மறுநாள் காலை, சார்ல்ஸ்டன் பக்கத்தில் ஒரு பழைய நெல் தோட்டத்துக்குப் போனோம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் முழங்கால் சேற்றில் நின்று நெல் விளைத்த இடம். இப்போது அருங்காட்சியகம். தோட்டம் என்றதுமே பேருந்தில் முணுமுணுப்பு. "தோட்டத்தப் பார்க்கவா மிஸ் இவ்வளவு தூரம்? எங்கம்மா வயித்துலேர்ந்து நான் விழுந்ததே தோட்டத்துல தானே!" என்றார் மோகனா அக்கா. அவர் மனமெல்லாம் மத்தியானம் போகவிருந்த மலிவு விலைக் கடைத்தொகுதியில் இருந்தது. கைப்பை வாங்க ஏழு பேருடைய பட்டியலை மடித்து வைத்திருந்தார்.

பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு, வேலை செய்தவர்களின் வீடுகள் இருந்த பாதைக்குத் திரும்பினோம். ஒரே அளவில், ஒரே முகத்தோடு, வரிசையாகச் சின்ன வீடுகள். எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"இது நம்ம லயம் தானே!" என்று யாரோ சொன்னார்கள்.

"பார்க்க ஒன்னுதான்" என்றேன். "ஆனா ரெண்டையும் ஒன்னாக்கிடாதீங்க. நம்ம பாட்டன் பூட்டன் கஷ்டப்பட்டாங்க, ஏமாந்தாங்க. ஆனா யாரும் அவங்கள சந்தையில நிறுத்தி விக்கல. இவங்க பிள்ளைங்கள தாய் மடியிலேர்ந்து பிடுங்கி வித்தாங்க."

அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசி வீட்டின் சுவரில் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. தோட்ட முதலாளி எழுதி வைத்திருந்த சொத்துப் பட்டியலைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். குடும்பப் பெயர் கிடையாது. வெறும் பெயரும் வயதும். எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வழிகாட்டியாக வந்த லொரெய்ன் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு நன்றி சொல்லி, கழிப்பறையைக் காட்டி, எல்லாரையும் பேருந்துக்கு விரட்டினேன். பின்னாலிருந்து முன்னால் எண்ணினேன், இருபத்திரண்டு. முன்னாலிருந்து பின்னால் எண்ணினேன், இருபத்திரண்டு. ஏழாவது வரிசையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூக்கம். இருக்கையைத் தொட்டேன், கட்டைவிரலைக் காட்டினேன்.

அரைமணி நேரம் ஓடியிருக்கும். நடைவழியில் போய்க்கொண்டிருந்தபோது ஏழாவது வரிசையிலிருந்து ஒரு கை என் முழங்கையைத் தட்டியது.

"ஏனுங் அம்மிணி, நம்ம கார்த்தி எங்கீங்?"

திரும்பினேன். தொப்பிக்குக் கீழே நான் வாழ்நாளில் பார்த்திராத ஒரு முகம். நெற்றியில் திருநீறு, கையில் பாதி குடித்த தண்ணீர் போத்தல்.

"எந்தக் கார்த்தி? நீங்க யாருங்க?"

"கோயமுத்தூருங். ஆறுமுகமுங். பையன் ஊட்டுக்கு வந்தனுங். அவன் காரை நிறுத்த எடம் பார்க்கப் போனானுங். இந்தப் பஸ்ஸுக்குள்ள தமிழ்ப் பேச்சுக் கேட்டுச்சுங். நம்ம சனந்தானேன்னு ஏறி உக்காந்தனுங். குளுகுளுன்னு இருந்துச்சுங், கண்ணசந்துட்டனுங்."

"அலாமாக்!" என்று மோகனா அக்கா எழுந்தே விட்டார். "அப்ப நம்ம வீரையா எங்க லா?"

இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. ஒரு மனிதரைக் கடத்திக்கொண்டு வந்துவிட்டேன், இன்னொருவரை விட்டுவிட்டேன். எண்ணிக்கை மட்டும் அச்சுப் பிசகாமல் சரி. வீரையாவின் போன் அவர் பையிலேயே கிடந்தது, சாப்பாட்டுக்கு முன் விழுங்கவேண்டிய மாத்திரையும் கிடந்தது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பாரே தவிர, பேச வராது. மயங்கி விழுந்தால்? ரோட்டுக்கு நடந்துவிட்டால்? அருங்காட்சியகத்துக்குப் போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நம் ஊரில் மணி என்ன என்றுகூட யோசிக்காமல் நானாவை அழைத்தேன்.

"நானா, ஒரு ஆள விட்டுட்டேன்."

"எண்ணுனியா?"

"ரெண்டு தடவை எண்ணுனேன். சரியா இருந்துச்சு. வேற ஒருத்தர் ஏறி உக்காந்துட்டாரு நானா."

மிகமிக மெல்லிய குரலில், "திரும்பிப் போ. போனதும் அந்த மனுசன ஒன்னும் கேக்காத. சாப்பிட்டாரான்னு மட்டும் கேளு" என்றார்.

ஓட்டுநர் நல்ல மனிதர்தான், ஆனால் கறாராகச் சொன்னார். திரும்பிப் போனால் ஒரு நாளைக்குச் சட்டப்படி அவர் வண்டி ஓட்டக்கூடிய நேரம் தீர்ந்துவிடும், கடைத்தொகுதிக்குப் போகமுடியாது. நான் ஒலிவாங்கியை எடுத்து எல்லாரிடமும் உள்ளதைச் சொன்னேன். என் தவறு என்றும் சொன்னேன். மோகனா அக்கா கைப்பைப் பட்டியலை விரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார்.

"ஆள விட்டுட்டுப் போயி பையை வாங்கிட்டு, அத மாட்டிக்கிட்டு யாரு மூஞ்சில முழிக்கறது? திருப்பச் சொல்லுங்க மிஸ்."

திரும்பும் வழியெல்லாம் ஆறுமுகத்துக்கு முறுக்கும் சிவடா மிக்சரும் போய்க்கொண்டே இருந்தன. கடத்தப்பட்டவர் மாதிரி அவர் நடந்துகொள்ளவே இல்லை. வாசலில் கார்த்தி தலைவிரி கோலமாக நின்றிருந்தார். போலீசைக் கூப்பிடப் போனை எடுத்த நேரமாம். அவர் என்மேல் பாய்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "கோவிச்சுக்காத சாமி. மலேசியாக்காரங்க. ரொம்ப நல்ல சனம்" என்று வாயில் முறுக்கோடு சாட்சி சொன்னார்.

ஊர் திரும்பியபின் எனக்கு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்க, நானா கால்மணி நேரம் உதட்டை அசைத்தார். ஆறுமாதம் மலாக்கா ஒருநாள் பயணம்தான் கொடுத்தார். அதிலும் தலையை எண்ணாதே, பெயரைக் கூப்பிடு என்றார். அவருடைய முறையை அவரே மாற்றிக்கொண்டது எனக்குக் கிடைத்த தண்டனையைவிடப் பெரிய செய்தியாக அலுவலகத்தில் பேசப்பட்டது. ஆறுமாதத்துக்குப் பிறகு அமெரிக்கா மறுபடி என் கைக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

சரி, வீரையாவுக்கு வருகிறேன். அவர் அருங்காட்சியக அலுவலகத்தில் இல்லை, மர நிழலில் இல்லை. நான் அந்த வீட்டு வரிசையை நோக்கி ஓடினேன். எனக்குப் பின்னால் இருபத்தோரு பேரும், அவர்களுக்குப் பின்னால் ஆறுமுகமும் மகனும். பாதி வழியிலேயே அந்தக் குரல் கேட்டது. அந்த மெலிந்த உடம்பில் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

"ஃபீ... பி!"

பிறகு ஒரு பெண்குரல், "ஹியர்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். வீரையா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்திப் பட்டியலுக்கு எதிரே நின்றிருந்தார். ஒரு விரல் பெயர்மீது இருந்தது. பக்கத்தில் லொரெய்ன். முதலில் இவர் சும்மா படிக்கிறார் என்று நினைத்தாராம். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் இவர் காத்து நின்றதைப் பார்த்து, யாரோ பதில் சொல்லவேண்டும் என்று புரிந்ததாம். பெயர்களுக்கு அவர் குரல் கொடுக்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றார் வீரையா, நாங்கள் தேநீர் குடிக்கப் போய்வந்த மாதிரி. "இன்னும் பாதி இருக்கும்மா."

வழிநெடுக நான் சேர்த்து வைத்திருந்த கோபமும் அழுகையும் எங்கே போயின என்றே தெரியவில்லை. "சாப்பிட்டீங்களாய்யா?" என்றேன்.

"இந்தம்மா ரொட்டி கொடுத்துச்சு." மாத்திரையை வாங்கி விழுங்கினார். "பஸ் கிளம்புற சத்தம் கேட்டுச்சும்மா. ஓடி வந்திருக்கலாம். ஒரு பேரைக் கூப்பிட்டுட்டேன். பதில் வாங்காம எப்படி விட்டுட்டு வர்றது? அப்பறம் அடுத்த பேரு இருந்துச்சு."

மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பி, விரலை அடுத்த வரியில் வைத்தார். "சாம்சன்!"

லொரெய்ன் வாயைத் திறப்பதற்குள் என் தோளுக்குப் பின்னாலிருந்து, "வந்துட்டேங்க!" என்றது மோகனா அக்காவின் குரல். சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பெரட்டில் நின்றவர் அவர். ஒரு பெயர் பதிலில்லாமல் தொங்கிக்கொண்டு நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"டைனா!" "வந்துட்டேங்க!" இது இன்னொரு அக்கா. "கேட்டோ!" "இருக்கேன்யா!" அவருடைய வீட்டுக்காரர். "மண்டே!" திங்கட்கிழமை பிறந்தவனுக்கு அந்தப் பெயர் என்று லொரெய்ன் காலையில் சொல்லியிருந்தார். "இருக்கறனுங்!" என்று கோயமுத்தூர் பதில் சொன்னது. கார்த்தி அப்பாவின் சட்டையை இழுத்தார். அப்பா நகரவில்லை. ஆண்பெயருக்குப் பெண்குரலும் பெண்பெயருக்கு ஆண்குரலும் வந்தன. சிரிப்பும் வந்தது, கண்ணைத் துடைப்பதும் நடந்தது. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று லொரெய்ன் கேட்டார். வந்துவிட்டோம் என்கிறார்கள் என்றேன். இது அவர்கள் பெயர் இல்லையே என்றார். எங்கள் தோட்டங்களில் ஒருத்தி வரமுடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பாள் என்றேன். அவர் கைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஹேகார்!"

"வந்துட்டேங்க!" அதே மோகனா அக்கா. அவசரத்தில் இரண்டாம் முறை. அவருக்கே தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீரையா நிறுத்திவிட்டார். விரல் அந்தப் பெயரிலேயே இருந்தது. மெல்லத் திரும்பி மோகனா அக்காவைப் பார்த்தார். எல்லாரும் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர் யாரை நினைக்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடாதீர்கள் ஐயா, சொல்லிவிடாதீர்கள் என்று உள்ளுக்குள் வேண்டினேன்.

"ஹேகார் வந்தாச்சு" என்றார் வீரையா. குரல் உடைந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அடுத்த பெயரை முன்னைவிடச் சத்தமாகக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு யார் குரல் எத்தனை முறை வந்தாலும் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எல்லாருக்கும் வந்தாச்சு, வந்தாச்சு என்று சொல்லிக்கொண்டே போனார்.

மனிதர்களின் கடைசி வரிக்கு வந்தார். அதற்குக் கீழே கோவேறு கழுதைகளும் கலப்பைகளும்தான் இருந்தன. அந்த வரியை அவரால் படிக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார்.

"டைனாவோட கைக்குழந்தை. பேரு போடல ஐயா" என்றேன்.

எல்லாரும் பதில் சொல்ல மூச்சை இழுத்தார்கள். வீரையா அவசரமாகக் கையைத் தூக்கித் தடுத்தார்.

"வேணாம். பச்சப் புள்ளைக்கு எங்கயும் பெரட்டு கிடையாது" என்றார், குரலைத் தாழ்த்தி. "தூங்கட்டும்."

நாங்கள் ஒருவர்பின் ஒருவராகச் சத்தமில்லாமல் வெளியே வந்தோம்.